தையோடு முடிகிற பேடண்டு

பதுளை, ஆவணி.

அம்மாவுக்கு நமஸ்காரம். உங்கள் முழங்கால் வலி எப்படியிருக்கிறது? நாங்கள் சுகம்.

ஒரு வேடிக்கை கேளுங்கள். உங்கள் பேரன் தம்பையா பட்டறையில் செய்தது போன்ற தேயிலைச் சல்லடை மெஷினுக்கு, வேறு யாரும் செய்யக் கூடாதென்று ஒரு வெள்ளைக்காரக் கம்பெனி முன்பே பேடண்டு வாங்கியிருக்கிறதாம். அதன் ஏஜெண்டு வந்து, “அஞ்சு வருஷம் லாபத்துல பங்கு குடுங்க, இல்லாட்டி கேசு” என்றார். தம்பையா பயந்துபோய்க் கையெழுத்துப் போடப் போனான்.

“பேடண்டு எப்ப முடியுதுங்க?” என்றேன்.

“வர்ற தையில.”

“இவன் செஞ்சது ரெண்டே மெஷின். அந்த நஷ்டஈட்ட வாங்க வக்கீலுக்கு எவ்வளவு கொட்டுவீங்க? தை வரைக்கும் ரிப்பேர் மட்டும் பாக்குறோம்; அப்புறம் யாரு வேணா செய்யலாமே. போயிட்டு வாங்க.”

அவர் சிரித்துவிட்டார். “எங்க சட்டம் படிச்சீங்கம்மா?”

“அஞ்சாம் வகுப்புல!”

இங்கே குளிர் அதிகம். நீங்கள் உடுத்திய சேலை ஒன்றை, உங்கள் வாசம் போகாதபடி துவைக்காமல் அனுப்புங்கள்; போர்த்திக்கொள்கிறேன். தபால் வண்டி புறப்படுகிறது.

உங்கள் மகள்,
பரிமளம்