மூன்று பெயர் கொண்ட கப்பல்

ஐப்பசி 5, புதன்
காலையிலிருந்து தூறல். இ-சேவை மையத்தில் நெட் இல்லை. செந்துறை முழுக்க இல்லையாம். சான்றிதழுக்கு வந்தவர்களைத் திருப்பி அனுப்பினேன்.
மத்தியானம் போனில் நெட் வந்ததும் என் வீட்டுக்காரரின் வீடியோ கால். ஆறு நாள் கழித்து. இளைத்திருக்கிறார். எங்கே இருக்கிறீர்கள் என்றால், "கடல்லதான்." எந்தக் கடல்? சிரிப்பு. பின்னால் தொங்கிய மிதவை வளையத்தில் கப்பலின் பெயர். சேரும்போது சொன்ன பெயர் இல்லை அது. கேட்டதும் கேமராவைத் திருப்பிவிட்டார்.
எதை மறைக்கிறார்? வேறு குடும்பமா? எழுதவே அசிங்கம்.
மகள் யாழினிக்கு மழைக்கோட்டு வாங்க வேண்டும்.

8, சனி
வெயில். மையத்தில் ஆள் குறைவு. வளையத்தில் பார்த்த பெயரை, கப்பல்கள் நிற்கும் இடம் காட்டும் தளத்தில் தேடினேன். எண்ணெய்க் கப்பல். ஒரே வருஷத்தில் மூன்று பெயர், மூன்று கொடி. ஓமன் பக்கம், கப்பலின் இடம் காட்டும் சிக்னல் நின்று நாலு நாள். பழைய பெயர் அமெரிக்காவின் தடைப் பட்டியலில். ஈரான் எண்ணெய் ஏற்றியதற்காக.
வேறு பெண் இல்லை. அந்த நிம்மதி ஒரு நிமிஷம். என்னிடம் பாமாயில் கப்பல் என்றாரே. அவருக்கே தெரியாதா, தெரிந்தே ஏறினாரா?
கொழுந்தன் குமாரிடம் காட்டினேன். ஆச்சரியப்படவே இல்லை.
"அமெரிக்காக்காரங்க சபையில ஒரு தீர்மானம் போடுவாங்க அண்ணி, பதிலுக்கு ஈரான்காரங்க ஒண்ணு போடுவாங்க. நடுவுல மாட்டுறது கப்பல்ல இருக்குறவங்க. எந்தத் துறைமுகத்துலயும் உள்ள வுடமாட்டாங்க."
இவ்வளவு எப்படித் தெரியும் இவனுக்கு?

10, திங்கள்
அரியலூரில் பஸ் மாறிப் பெரம்பலூர். அவரைக் கப்பலில் சேர்த்துவிட்ட ஏஜென்டின் ஆபீஸில் பெயர்ப் பலகை இருந்த இடத்தில் ஆணி மட்டும். ஏஜென்ட் டீ வரவழைத்தார். அதுவே சரியாகப் படவில்லை.
"தடையெல்லாம் கப்பலுக்குத்தாம்மா, ஆளுக்கு இல்ல. இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க. உங்க வூட்டுக்காரரு சீக்கிரம் வந்துருவாரு."
ஆங்கிலத் தாள். ஊருக்கெல்லாம் தாள் படித்துச் சொல்கிறவள் நான் என்று அவருக்குத் தெரியாது. மூன்றாவது பத்தி: சரக்கு இன்னதென்று தெரிந்தே என் கணவர் ஏறினார், நிறுவனத்துக்குப் பொறுப்பில்லை.
வீட்டில் கேட்டுவிட்டு வருகிறேன் என்று தாளை மடித்துப் பையில் வைத்தேன்.
"தாள இங்கயே வச்சுட்டுப் போங்கம்மா."
காதில் விழாத மாதிரி இறங்கினேன். பஸ் ஸ்டாண்டு வரை ஒருவன் பின்னாலேயே. அவனுக்கும் அதே பஸ்ஸோ என்னவோ.

17, திங்கள்
மழை. அரியலூர் கலெக்டர் ஆபீஸ், மனு நாள். எத்தனை பேருக்கு மனு அடித்திருப்பேன், என் மனுவில் இரண்டு பிழை. ஏஜென்ட் தாளின் நகலும் இணைத்தேன்.
"கப்பல் எந்த நாட்டோடதும்மா?"
"இதுவரைக்கும் மூணு நாட்டுக் கொடி சார்."
அதிகாரி பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். தூதரகத்துக்கு அனுப்புவதாகச் சொன்னார். நம்பலாமா?

19, புதன்
வீட்டுக்காரர் கூப்பிட்டார். குரல் மட்டும்.
"மனுவ வாபஸ் வாங்கிரு."
"பக்கத்துல யாரு?"
"யாருமில்ல."
சரி, வாங்கிவிடுகிறேன் என்றேன். பொய். மனு கொடுத்தது குமாருக்கு மட்டும்தான் தெரியும். கேட்டேன். தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு சொன்னான்: "ஏஜென்ட் கேட்டாரு, சொல்லிட்டேன் அண்ணி. அடுத்த கப்பலுக்கு என் பாஸ்போர்ட்டு அவருகிட்டதான் இருக்கு."
திட்ட வாய் வரவில்லை. அதைத் திருப்பி வாங்கு என்றேன்.

27, வியாழன்
புது நம்பர். அவர் குரல்.
"மஸ்கட்ல எறக்கிட்டாங்க, கப்பல்ல இருந்த இந்தியாக்காரங்க ஆறு பேரையும். தூதரகத்துலேருந்து ஆளு வந்துருக்காரு. உன் மனுவக் காட்டுனாரு."
நம்பவில்லை. யார் சொல்லிக்கொடுத்துப் பேசுகிறாரோ.
"யாழினி பொறந்தன்னைக்கு ஆஸ்பத்திரிக்கு என்ன வாங்கிட்டு வந்தீங்க?"
"தர்பூசணி. முழுசா. அறுக்கக் கத்தி இல்லாம முழிச்சேன்."
அவரேதான். யாழினி போனை வாங்கிக்கொண்டாள்.