காய்ச்சல் வந்த வழி

ஜூரோங் வெஸ்ட்
சிங்கப்பூர், 18 ஜனவரி 2025

அன்புள்ள ஜரீனாவுக்கு ரமீஸின் ஸலாம்.

நான் நலம். நீயும் நலமாக இருக்க துஆ செய்கிறேன். தேக்காவில் கண்ணாடிக் கடையில் நாள் முழுக்க நின்று ஊரார் கண்ணைப் பார்க்கிறவளுக்குத் தன் முட்டிவலியைப் பார்க்க நேரமிருக்காது என்று தெரியும். தைலமாவது தடவு.

நம் பிள்ளை என்னைக் கிண்டல் செய்கிறாள். “வாட்ஸ்அப் இருக்கு லா வாப்பா. இன்னும் ஸ்டாம்பு ஒட்டிக்கிட்டு இருக்கீங்க?” என்கிறாள். அவளிடம் என்ன சொல்வது? ஆறு வருஷத்துக்கு முன் நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தோ பாயோ வீட்டை விட்டு இறங்கியபோது நீ சொன்னதையா? “போன்ல பேசினா கத்துவீங்க மச்சான். எழுதுங்க. தாள்ல கத்த முடியாது.” பிள்ளைக்கு அது வேண்டாம் என்று சிரித்து மழுப்பிவிட்டேன்.

இரண்டு விஷயம் கேட்கிறேன். பிப்ரவரி ஏழாம் தேதி வெள்ளி மாலை முதல் ஞாயிறு வரை யும்னா என்னிடம் இருக்கட்டும். ஊசி, மீட்டர் எல்லாம் கவனமாகப் பார்த்துக்கொள்வேன். கப்பல் பட்டறையில் அறுநூறு பேருடைய பாதுகாப்பைப் பார்க்கிறவன், பெற்ற பிள்ளையைப் பார்க்கமாட்டேனா?

இரண்டாவது, மார்ச்சில் நோன்பு வருகிறது. ஆறு வருஷத்து நோன்பையும் தனியாகவே திறந்துவிட்டேன். பள்ளிவாசலில் கஞ்சி வாங்கி வந்து மேசையில் வைத்தால் எதிரே சுவர்தான் இருக்கிறது. பேரீச்சம்பழம்கூட இனிக்கவில்லை ஜரீனா. நம் கல்யாணத்துக்கு உன் வாப்பா கொடுத்த சஹன் இருக்கிறதே, அந்தப் பெரிய தட்டு, அதைச் சுற்றி நாம் மூன்று பேரும் உட்கார்ந்து ஒன்றாகக் கை வைத்து ஒரே ஒரு நாள் நோன்பு திறக்க வேண்டும். ஒரு நாள் போதும்.

உன் பதிலுக்குக் கடிதப்பெட்டியைத் தினமும் இரண்டு தடவை திறக்கப்போகும்,
ரமீஸ்


தோ பாயோ
25 ஜனவரி 2025

மச்சானுக்கு ஸலாம்.

தைலம் தடவினேன். உங்கள் அறுநூறு பேரில் ஒருவரும் இன்சுலின் போடுகிறவர் இல்லை என்பதை நினைவில் வைத்துக்கொண்டு பிள்ளையை அனுப்புகிறேன். வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் முடிந்து நேரே வருவாள். கோலா வாங்கிக் கொடுத்து நல்ல பேர் வாங்கப் பார்க்காதீர்கள்.

சஹன் அலமாரி மேலே பழைய தமிழ்ப் பேப்பரில் சுற்றிக் கிடக்கிறது. அதை இறக்கக் கை நீளாமல் இல்லை. மனசுதான் நீளவில்லை.

நீங்கள் மறந்திருக்கலாம், நான் மறக்கவில்லை. யும்னாவுக்கு நாலு வயது. நான் வேலைக்குச் சேர்ந்து, அவளைக் குழந்தைப் பராமரிப்பு நிலையத்தில் விட்டு இரண்டு மாதம். அங்கே கை, கால், வாய்ப்புண் நோய் பரவியது. அவளுக்கும் வந்தது, ஒரு வாரத்தில் போனது. ஏழு மாதம் கழித்துப் பிள்ளை தண்ணீர் தண்ணீர் என்று குடித்து, எலும்பாகி, ஆஸ்பத்திரியில் சர்க்கரை என்றார்கள். டாக்டர் ரமணன் என்ன சொன்னார்? “இந்த மாதிரி வைரஸ் சில பேர் உடம்புல இதைத் தொடங்கி வைக்கலாம். உறுதியாச் சொல்ல முடியாது. உடம்புவாகும் வேணும்.” நீங்கள் அந்தப் பேச்சில் பாதியைப் பிடித்துக்கொண்டீர்கள். “நீ வேலைக்குப் போகாம இருந்திருந்தா பிள்ளைக்கு இது வந்திருக்காது.” நாலு வருஷம், ஒவ்வொரு சண்டையிலும் அந்த ஒரு வாக்கியம். கடைசியில் அது நம் இரண்டு பேருக்கும் நடுவில் படுத்துக்கொண்டது.

எனக்கும் ஆசை இல்லாமல் இல்லை மச்சான். சமையலறையில் நின்றுகொண்டே சாப்பிட்டுப் பழகிவிட்டேன், உட்கார்ந்தால் எதிரே நீங்கள் இல்லாதது தெரியும் என்று. அந்த வாக்கியத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வரி எழுதினால் போதும். சஹன் இறங்கும்.

ஜரீனா


ஜூரோங் வெஸ்ட்
12 பிப்ரவரி 2025

ஜரீனா,

ஸலாம் சொல்லவும் வெட்கமாக இருக்கிறது. இன்று இட்லி கேட்டு வாங்கிச் சாப்பிட்டதாக யும்னாவே போனில் சொன்னாள். அல்ஹம்துலில்லாஹ்.

ஆஸ்பத்திரியில் நீ எதுவும் கேட்கவில்லை. நானே சொல்லிவிடுகிறேன். வெள்ளிக்கிழமை வரும்போதே இருமல். சனிக்கிழமை காலை காய்ச்சல். எதைக் கொடுத்தாலும் வாந்தி. சாப்பிடாத பிள்ளைக்கு எப்படி ஊசி போடுவது என்று பயந்தேன். ஏழு வயதில் என் கையில் ஒருமுறை சர்க்கரை இறங்கி, கண் சொருகி விழுந்தாளே, அதுதான் கண் முன்னே வந்தது. நோன்பு வைக்கிற சர்க்கரைக்காரப் பெரியவர்கள்கூடப் பகல் மருந்தைக் குறைக்கிறார்களே என்று என் புத்தி கணக்குப் போட்டது. “வாப்பா, ராத்திரி ஊசி போடணும் லா” என்று அவள் முனகினாள். “சாப்பிடு, போடலாம்மா” என்றேன். போடவில்லை. உனக்குப் போன் செய்திருக்கலாம். செய்யவில்லை. கெட்டிக்காரன் என்று காட்ட வேண்டுமே.

ஞாயிறு மதியம் மூச்சை இழுத்து இழுத்து விட்டாள். வாயில் அழுகிய பழ வாடை. மீட்டரில் எண்ணே வரவில்லை, அளவைத் தாண்டிவிட்டது என்று மட்டும் காட்டியது. அதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரியும்.

நீ வந்தாய். கண்ணாடி வழியாகப் பிள்ளையைப் பார்த்தாய். என் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கோப்பியை என் கையில் வைத்தாய். ஒரு வார்த்தை இல்லை. நான் உன்னைச் சொன்னதெல்லாம் நீ என்னைத் திருப்பிச் சொல்லியிருக்கலாம், அன்றைக்கு உனக்கு முழு உரிமை இருந்தது. திட்டிவிடு ஜரீனா. இந்த மௌனத்தைத் தாங்க முடியவில்லை.

ரமீஸ்


தோ பாயோ
16 பிப்ரவரி 2025

மச்சானுக்கு ஸலாம்.

திட்டமாட்டேன். திட்டு வாங்கினவளுக்குத்தான் அது எங்கே வலிக்கும் என்று தெரியும்.

டாக்டர் ரமணன் எனக்கும் வகுப்பெடுத்தார். காய்ச்சல் வந்தால் உடம்பு அந்த வைரஸோடு சண்டை போடச் சர்க்கரையை அள்ளி விடுமாம். பிள்ளை பட்டினி கிடந்தாலும் ஈரல் அனுப்பிக்கொண்டே இருக்குமாம். அன்றைக்குத்தான் ஊசி கூடுதலாகத் தேவைப்படுமாம், அதிலும் ராத்திரி ஊசியை நிறுத்தவே கூடாதாம். “நிறைய அப்பா அம்மா செய்யற தப்புதான் இது” என்றார். அவளுக்கு வந்தது இன்ஃபுளுவென்ஸா. பள்ளிக்கூடத்தில் அவள் வகுப்பில் பாதிப் பேருக்கு இருக்கிறது. காய்ச்சல் நாளில் என்ன செய்ய வேண்டும் என்று நானும் உங்களுக்கு எழுதிக் கொடுக்கவில்லை. இப்போது அட்டையில் எழுதிப் பையில் வைத்துவிட்டேன். ‘ஊசியை நிறுத்தாதே, உம்மாவைக் கூப்பிடு.’ இரண்டாவது உங்களுக்காக.

அன்றைக்கு ஆஸ்பத்திரி நாற்காலியில் உங்கள் சட்டைப் பொத்தான் மாறிப் போட்டிருந்தது. காலரில் பிள்ளையின் வாந்தி. உங்களை இவ்வளவு பக்கத்தில் பார்த்து எத்தனை காலம்! திட்டத் தோன்றவில்லை மச்சான், பொத்தானைச் சரியாகப் போட்டுவிடத்தான் தோன்றியது. கை எழுந்தது, அடக்கிக்கொண்டேன்.

மார்ச் இரண்டாம் தேதி முதல் நோன்பு. அந்த ஒரு வரியை இன்னும் நீங்கள் எழுதவில்லை.

காத்திருக்கும்,
ஜரீனா


ஜூரோங் வெஸ்ட்
20 பிப்ரவரி 2025

என் ஜரீனாவுக்கு,

ஒரு வரி எழுதிவிட்டு வந்து சேரலாம். நாலு நாளாக அந்த வரியை எழுதி எழுதிக் கிழிக்கிறேன். அந்த வாக்கியத்தைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன் என்பது பாதி உண்மை. நீ பாதிப் பேச்சுக்குப் போதுமான அளவு கஷ்டப்பட்டுவிட்டாய்.

2014 நோன்பு மாதம். பத்தாம் தீவில் ஒரு கப்பல் பட்டறையைப் பார்வையிட்டுவிட்டு வந்தேன், நினைவிருக்கிறதா? வந்த மறுநாள் எனக்குத் தொண்டை வலி. நாக்கில் கொப்புளம், உள்ளங்கையில் இரண்டு சிவப்புப் புள்ளி. எங்கள் ஆட்கள் நாலு பேருக்கு அதே மாதிரி இருந்தது. நான்தான் அவர்களைக் கிளினிக்குக்கு அனுப்பினேன். தினமும் காலையில் ஆட்களை வரிசையில் நிறுத்தி, “காய்ச்சல் இருந்தா மறைக்காதீங்க” என்று சொல்கிறவனே நான்தான். பாதுகாப்பு அதிகாரியே படுத்துக்கொண்டால் என்ன பேச்சு வரும் என்று வாயை மூடிக்கொண்டேன். உன்னிடமும் நோன்புச் சூடு என்றேன்.

அந்தச் சனிக்கிழமை அக்கா வீட்டில் நோன்பு திறந்தோம். சஹனில் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டேன். கறி கடினமாக இருந்தது. நான் கடித்துப் பிய்த்து அவள் வாயில் வைத்தேன். ஒரு வாய் இல்லை, வயிறு நிறையும் மட்டும். நீ எதிரே உட்கார்ந்து சிரித்தாய், “வாப்பா கையால சாப்பிட்டாத்தான் இறங்குது பாருங்க” என்று.

புதன்கிழமை அவளுக்குக் காய்ச்சல். பராமரிப்பு நிலையத்துக் கதவில் நோட்டீஸ் ஒட்டியது அதற்கும் அடுத்த திங்கட்கிழமை. அவளுக்கு அங்கிருந்து வரவில்லை ஜரீனா. அங்கே போயிருந்தால் அவளிடமிருந்துதான் போயிருக்கும். தேதி எனக்கு அன்றைக்கே தெரியும். விபத்து நடந்தால் தேதி பார்ப்பதுதானே என் தொழில்.

டாக்டர் வைரஸ் என்று வாயெடுத்ததும் எனக்கு உயிரே போய்விட்டது. நான் என்று சொல்லிவிடுவார்களோ என்கிற பயத்தில் நீ என்று சொன்னேன். முதல் தடவை பயத்தில் சொன்னேன். அப்புறம் சொல்லிச் சொல்லி எனக்கே அது உண்மை மாதிரி ஆகிவிட்டது.

அன்றைக்கு நீ திட்டியிருந்தால் இதையும் மறைத்திருப்பேன். நீ கோப்பி கொடுத்தாய்.

மன்னிப்பு என்று எழுதக் கூசுகிறது. வீட்டுக்கு வர வேண்டும் ஜரீனா. பொய்யோடு வர முடியவில்லை.

ரமீஸ்


ஜூரோங் வெஸ்ட்
15 மார்ச் 2025

ஜரீனா,

பாதி நோன்பு போய்விட்டது. பிள்ளை வாரம் தவறாமல் வருகிறாள், உன்னைப் பற்றிக் கேட்டால் “உம்மா ஓகே லா” என்று முடித்துக்கொள்கிறாள். பதில் எழுது என்று கேட்கமாட்டேன். கடிதம் கிடைத்ததா என்று மட்டும் சொல். கடிதப்பெட்டியைத் திறப்பதை நான் நிறுத்தவில்லை.

ரமீஸ்


தோ பாயோ
28 மார்ச் 2025

மச்சானுக்கு ஸலாம்.

கிடைத்தது. அடுப்படியில் நின்று படித்தேன். அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பவும் படித்தேன்.

நோயைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். டாக்டர் ரமணனிடம் தேதியெல்லாம் சொல்லிக் கேட்டேன். “யார்கிட்டேர்ந்து வந்துச்சுன்னும் சொல்ல முடியாது, அதனாலதான் சர்க்கரை வந்துச்சுன்னும் சொல்ல முடியாதும்மா” என்றார். அன்றைக்குப் பராமரிப்பு நிலையத்தில் பதினோரு பிள்ளைக்கு அந்த நோய் வந்தது. சர்க்கரை நம் பிள்ளைக்கு மட்டும்தான். அதனால் நீங்கள் ஊட்டிய கறிக்காக உங்கள் மேல் எனக்குக் கோபமில்லை. அது வாப்பா பிள்ளைக்கு ஊட்டியது. அல்லாஹ் அறிவான், அவ்வளவுதான்.

மற்றதற்கு என்ன செய்வேன் மச்சான்? நாலு வயதுப் பிள்ளையின் விரலை ஒரு நாளைக்கு ஆறு தடவை குத்தினேன். ஒவ்வொரு குத்தலுக்கும், “உம்மாவை மன்னிச்சுடு கண்ணு” என்று வாய்க்குள் சொன்னேன். தொழுகையில் அழுதேன். வேலையை விட்டேன், அப்புறம் வீட்டில் மூச்சு முட்டித் திரும்பச் சேர்ந்தேன். நான் முணுமுணுத்தது உங்களுக்குக் கேட்டிருக்கும். நீங்கள் பக்கத்தில்தான் பஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள். ‘ஒருவேளை நானாகவும் இருக்கலாம் ஜரீனா’ என்று ஒரே ஒரு நாள் சொல்லியிருந்தால், இரண்டு பேரும் சேர்ந்து அழுதிருப்போம். கட்டிப்பிடித்து அழுதிருப்போம். இந்தப் பத்து வருஷம் நமக்கு இருந்திருக்கும்.

யும்னாவிடம் உங்கள் கடிதத்தைக் கொடுத்தேன். இனிமேல் இந்த வீட்டில் யாரும் யாரிடமும் மறைக்க வேண்டாம். படித்துவிட்டு மடித்து என் கையில் கொடுத்தாள். பிறகு, “வாப்பா எழுதும்போது அழுதாங்களா உம்மா?” என்றாள். நீயே கேட்டுக்கொள் என்றேன். கேட்பாள். உள்ளதைச் சொல்லுங்கள்.

சஹனை இறக்கிவிட்டேன். புளி போட்டுத் தேய்த்தேன். திங்கட்கிழமை பெருநாள். நானும் பிள்ளையும் அதில் சாப்பிடுவோம். தொழுகை முடிந்ததும் அவள் ஜூரோங் வருவாள், உங்கள் பங்கு பிரியாணியைக் கொடுத்தனுப்புகிறேன். நீங்கள் வராதீர்கள். உங்களைப் பார்த்தால் பொத்தானைச் சரிசெய்ய இன்னும் கை எழும். அந்தக் கைக்கு இப்போது கோபமும் இருக்கிறது. இரண்டையும் வைத்துக்கொண்டு ஒரே தட்டில் எப்படிக் கை வைப்பேன்?

மறைக்கக் கூடாது என்று எழுதியவள் நான் மறைக்கலாமா? உங்கள் கடிதம் வருவதற்கு முன் நான் எழுதி, அடுத்த நாள் கடைக்குப் போகும்போது போடலாம் என்று கைப்பையில் வைத்திருந்ததையும் இதோடு அனுப்புகிறேன். அதை எழுதியவளும் இங்கேதான் இருக்கிறாள். கொஞ்சம் காலம் கொடுங்கள்.

அடுத்த நோன்புக்கும் கேளுங்கள் மச்சான். என்ன பதில் சொல்வேனோ தெரியாது. ஆனால் கேட்காமல் இருந்துவிடாதீர்கள்.

ஜரீனா


தோ பாயோ
20 பிப்ரவரி 2025

என் மச்சானுக்கு,

உங்கள் வரிக்குக் காத்துக் காத்துக் கண் பூத்துப்போயிற்று. உங்கள் வீம்பு எனக்குத் தெரியாதா? எழுத வராது. சரி, அந்த வாக்கியம் கிடக்கட்டும். திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டாம்.

முதல் நோன்புக்கு வந்துவிடுங்கள். அஸர் தொழுதுவிட்டுக் கிளம்பினால் கூட்டமில்லாமல் ரயிலில் வரலாம். கஞ்சி நான் காய்ச்சுகிறேன், இஞ்சி கூடுதலாக. சஹனில் ஜன்னல் பக்கம் உங்களுக்கு.

பெட்டியையும் எடுத்து வாருங்கள்.

உங்கள் ஜரீனா