தீனியைக் குறைத்துவிட்டேன்

அன்பு மகள் அஸ்வினிக்கு, அப்பா எழுதுவது. வாடிப்பட்டியில் நானும் அம்மாவும் சுகமாக இருக்கிறோம், அந்த ஜெர்மனிக் குளிரில் உனக்கு மீனாட்சி அம்மன் துணையிருப்பாள். போனில் சொன்னால் நீ குறுக்கே பேசுவாய், எனக்குக் கோபம் வந்துவிடும், அதனால்தான் கடிதம்.

அணைத் தண்ணீர் பச்சையாகிவிட்டதைப் போட்டோவில் பார்த்துவிட்டு, அணைக்குள் மிதக்கும் கூண்டில் வளர்க்கிற மீனுக்கு நான் போடுகிற தீனி அதிகம் என்று சொன்னாய். எனக்கே மீன் வளர்க்கச் சொல்லித்தருகிறாயா என்று போனை வைத்துவிட்டேன். நீ சொன்னதுதான் சரி, தாயி. தண்ணீரைப் பரிசோதிக்க வந்தவர்களும் அதையே சொன்னார்கள். மீன் தின்னாமல் விட்ட தீனியும் அதன் கழிவும் தண்ணீரில் கரைந்து உரமாகிப் பாசி மண்டுகிறதாம், பாசி மண்டினால் விடியற்காலையில் தண்ணீரில் காற்று குறைந்து மீன் மேலே வந்து வாயைப் பிளந்து திணறுமாம். நானும் தினம் அதைப் பார்த்தவன்தான். பசியில் வருகிறது என்று நினைத்து இன்னும் இரண்டு கை அள்ளிப் போட்டிருக்கிறேன், என் புத்தியை என்ன சொல்ல. விருந்துக்கு வந்தவரை இலை மூடவிடாமல் சோறு வைக்கிற மனுசன் மீனை மட்டும் விடுவாரா என்று உன் அம்மா ஊரெல்லாம் சொல்லிச் சிரிக்கிறாள்.

அணையிலிருந்து ஊருக்குக் குடிதண்ணீர் ஏற்றுகிற மோட்டார் பேயாண்டி, "அண்ணே, தண்ணி இம்புட்டு வாடை அடிக்குது, நீங்க மீனை வளர்க்கிறீகளா பாசியை வளர்க்கிறீகளா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டான். தை மாதத்துக்குள் தண்ணீர் தெளியாவிட்டால் எங்கள் மீன் வளர்ப்புச் சங்கத்தின் பன்னிரண்டு கூண்டையும் எடுத்துவிட வேண்டும் என்று ஊர்க் கூட்டத்தில் முடிவாகியிருக்கிறது. இந்த வயதில் எனக்கு வேறு தொழில் தெரியாது என்பது உனக்கே தெரியும்.

ஆனால் நீ கவலைப்படாதே, நான் தெம்பாகத்தான் இருக்கிறேன். தீனியைப் பாதியாக்கிவிட்டோம், நாலு கூண்டு மீனை முன்னதாகவே பிடித்து விற்றாயிற்று, மற்ற கூண்டுகளை ஆழமான இடத்துக்கு இழுத்துக் கட்டியிருக்கிறோம். வெள்ளைத் தட்டு ஒன்றைக் கயிற்றில் கட்டி வாரம் ஒருமுறை தண்ணீரில் இறக்கிப் பார்க்கிறேன். ஆவணியில் ஒரு முழத்திலேயே மறைந்த தட்டு போன வெள்ளிக்கிழமை இரண்டு முழம் வரை தெரிந்தது. மழைத் தண்ணீரும் ஒத்தாசை செய்தது, எல்லாம் என் சாமர்த்தியம் என்று சொல்லமாட்டேன். தெளிந்துவிடும், எனக்கு நம்பிக்கை இருக்கிறது. தெளியாவிட்டால், கூண்டை எடுக்கச் சொல்லிக் கூட்டத்தில் முதல் கை தூக்குவது நானாகத்தான் இருக்கும் என்று பேயாண்டியிடம் சொல்லிவிட்டேன். நம் வீட்டுக் குழாயிலும் அந்தத் தண்ணீர்தானே வருகிறது.

குளிரில் காதை மூடாமல் வெளியே போகாதே. நீண்ட ஆயுளோடு நன்றாக இரு.

உன் அன்பு அப்பா,
அழகுபாண்டி