பிரஷர் இறங்கிய வெள்ளிக்கிழமை

கீழ்ப்பிரிவு லயம்,
தெமோதரை.

அன்புக்கும் கோபத்துக்கும் உரிய மருமகள் தனுஜாவுக்கு, உன் தாய்மாமன் தம்பையா தன் சொந்தக் கையால் எழுதுவது.

நடந்தது அத்தனையும் நான் முன்னாலேயே சொன்னதுதான். குளவி கொட்டும் என்றேன், கொட்டியது. பதுளைப் பெரியாஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தால் பிழைப்பாள் என்றேன், பிழைத்தாள். உன் அம்மா கருப்பம்மா உயிரோடு இருக்கிறாள், தனுஜா. இந்த வரியை இரண்டு தரம் படித்துவிட்டு மேலே போ.

"அம்மாவைப் பொதச்சிட்டு என்கிட்ட கதை விடுறீங்க, மாமா வாயில வர்றதை இனிமே நம்ப மாட்டேன்" என்று போன வெள்ளிக்கிழமை நீ உன் தம்பி ரஜீவிடம் போனில் கத்தினாயாம். உன்மேல் குற்றமில்லை. வெளிநாட்டில் இருக்கிற பிள்ளை வேலையை விட்டு ஓடி வந்துவிடும் என்று சாவையே மறைத்த வீடுகள் நம் லயத்து வரிசையிலும் உண்டு. வீடியோவில் காட்டலாம் என்றால் உன் மேடம் பெரிய போனை வாங்கி வைத்திருக்கிறாள். வெள்ளிக்கிழமை மட்டும் உன் கைக்கு வருகிற சின்னப் போனில் குரல்தான் கேட்கும். அம்மாவின் குரலோ, தொண்டையில் குழாய் போட்டு எடுத்ததில், கரகரவென்று யாரோ கிழவனின் குரல் மாதிரி ஆகிவிட்டது. ரஜீவ் போனை அவள் வாயருகே பிடித்தும், "இது எங்கம்மா இல்ல" என்று வைத்துவிட்டாய்.

அதனால்தான் கடிதம். இதைக் கொண்டுவருகிற முன்ஸிப் தம்பி பதுளை டவுன்காரர், லீவு முடிந்து நீ இருக்கிற ஊருக்கே திரும்புகிறார். வார்டுக்கு வந்து உன் அம்மாவை நேரில் பார்த்துப் பேசினார். என்னை நம்பாவிட்டால் அவரைக் கேள்.

இனி ஒழுங்காகச் சொல்கிறேன். ஒன்பதாம் நம்பர் மலையில், தேயிலைக்கு நடுவே நிற்கிற பெரிய மரத்தில் குளவி கூடு கட்டியிருப்பதை முதலில் கண்டவன் நான். கங்காணியிடம் சொன்னேன். "தம்பையாண்ணே, போன வருசம் சிறுத்தை வருதுன்னீங்க, பூனை வந்துச்சு" என்று அவன் சிரித்தான். சிரித்த மறுவாரமே கூடு கலைந்தது. கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் எல்லாம் சிதறி ஓட, உன் அம்மா இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கை அவிழ்த்துத் தலையோடு போர்த்திக்கொண்டு தேயிலைக்கு அடியில் குந்திவிட்டாளாம். ஆயிரம் குளவி என்று ஊருக்குச் சொல்லியிருக்கிறேன். உனக்குக் குறைத்துச் சொல்கிறேன், நூறு இருக்கும். தோட்டத்து லொறியில் ஏற்றும்போதே முகம் வீங்கி, தொண்டையும் வீங்கி, மூச்சு விசில் மாதிரி வந்தது. ஆஸ்பத்திரியில் ஊசி மேல் ஊசி போட்டு, தூங்கவைத்து, வாய்வழியாகக் குழாயை இறக்கி, மூச்சு விடுகிற மெஷினில் மாட்டிவிட்டார்கள்.

அந்த மெஷினைப் பற்றித்தான் உனக்கு நான் விளக்க வேண்டும். ஏனென்றால் உன் கண்ணீருக்கெல்லாம் காரணம் அதுதான், அதோடு நானும் கொஞ்சம்.

பார்வையாளர் நேரத்தில் பச்சைச் சட்டை மாட்டிக்கொண்டு உள்ளே போனேன். கட்டிலின் தலைமாட்டில் டிவி மாதிரி ஒன்று. அதில் கோடுகள் ஏறி இறங்கின, எண்கள் மின்னின. அங்கே இருந்த நர்ஸ் ஜெனீரா நம் பாஷை பேசுகிற பதுளைப் பிள்ளை. மேலே இருக்கிற எண் என்ன என்று கேட்டேன். "அது பிரஷர் அங்கிள்" என்று சொல்லிவிட்டு வேறு வேலைக்குப் போய்விட்டாள். பிரஷர் என்ற ஒரு சொல் போதும் எனக்கு. தொழிற்சாலையில் பொயிலர் பக்கத்திலேயே நரைத்தவன் உன் மாமன். (ரஜீவ் இதைப் படித்தால், மாமா பொயிலருக்கு விறகுதானே தள்ளினார் என்பான். விறகு தள்ளாமல் பிரஷர் எங்கிருந்து வரும் என்று கேள்.) பொயிலரில் முள் மேலே நின்றால் ஆலை ஓடும். முள் இறங்கினால் நெருப்பு அணைகிறது என்று அர்த்தம்.

எண் நாற்பதைத் தாண்டி நின்றது. எனக்குத் தெம்பு வந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே உன் அம்மாவின் நெஞ்சு குலுங்கியது, எண் இன்னும் ஏறியது, மெஷின் கூவத் தொடங்கியது. ஆவி நிறைந்து ஆலைச் சங்கு ஊதுகிற மாதிரி எனக்குக் கேட்டது. நான் கை தட்டிவிட்டேன். ஜெனீரா ஓடிவந்து, என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, குழாய்க்குள் சின்னக் குழாயை விட்டுச் சளியை உறிஞ்சி எடுத்தாள். கூவல் நின்றது. நான் லயத்துக்குப் போன் போட்டு, "கருப்பம்மா நல்ல பிரஷர்ல இருக்கா, கோயில்ல தேங்காய் ஒடைங்க" என்றேன். உடைத்தார்கள்.

அதற்குப் பிறகு போகும்போதெல்லாம் எண் குறைந்துகொண்டே வந்தது. டாக்டர் அம்மாவும் ஜெனீராவும் அதைப் பார்த்துத் தலையை ஆட்டிக்கொள்வார்கள். துக்கத்தில் ஆட்டுகிறார்கள் என்று நினைத்தேன். கேட்கலாம்தான். பொயிலர் தெரிந்த மனிதன், நர்ஸிடம் போய் இது என்ன என்று இரண்டாம் தரம் கேட்பதா? நீ ரஜீவிடம் கத்தியதற்கு முந்தின வெள்ளிக்கிழமை எண் இருபத்திரண்டில் நின்றது. கூடத்துக்கு வந்து லயத்துக்குச் சொன்னேன். அந்த நேரம் பார்த்து நீ அழைத்தாய். "முள் இறங்கிருச்சு தாயி, நெருப்பு அணையுது" என்று அழுதேன். நீ வீல் என்று கத்தியது இன்னும் என் காதில் இருக்கிறது. அதோடு லைன் வெட்டுப்பட்டது.

சுவரில் சாய்ந்து அழுதுகொண்டிருந்தபோது ஜெனீரா வந்தாள். "என்ன அங்கிள், ஏன் அழுறீங்க? தங்கச்சி நல்லா ஈக்கிறாங்களே" என்றாள். "பிரஷர் விழுந்துருச்சேம்மா" என்றேன். அவளுக்கு முதலில் சிரிப்பு வந்தது. லயத்துக்கும் உனக்கும் சொல்லிவிட்டேன் என்றதும் சிரிப்பு நின்று கோபம் வந்தது. "வீட்டுல ஊதாங்குழல் ஈக்குதா?" என்று கேட்டாள். இருக்கிறது என்றேன். கரி அடைத்திருந்தால் எப்படி ஊதுவீர்கள் என்றாள். கன்னம் உப்ப ஊத வேண்டும் என்றேன். சுத்தம் பண்ணினால்? சும்மா ஊதினால் போதும் என்றேன். "அதுதான் அங்கிள். அந்த நம்பர் உங்கட தங்கச்சிட பலம் இல்ல. காத்தை உள்ள அனுப்ப மெஷின் எவ்வளவு கஷ்டப்படுதுன்னு சொல்லுற நம்பர். வீக்கம் வத்துது, பாதை திறக்குது, மெஷினுக்கு லேசாகுது. நம்பர் இறங்க இறங்க நாங்க இங்க சந்தோசப்பட்டுக்கிட்டு ஈக்கோம். நீங்க கை தட்டினீங்களே, அன்டைக்குத்தான் நாங்க பயந்தோம்."

தனுஜா, நான் அப்படியே தரையில் குந்திவிட்டேன்.

அவள் என்னைத் திரும்ப உள்ளே கூட்டிப்போனாள். டாக்டர் அம்மா மெஷினில் ஒரு பொத்தானை அமுக்கினார். காற்று உள்ளே போனது, வெளியே வராமல் அப்படியே நின்றது. "ஐயோ, மூச்சை நிறுத்திட்டீங்களே!" என்று கத்தினேன். டாக்டர் அம்மா சிங்களமும் தமிழுமாகக் கலந்து, "ஐயா, பொறுங்க, அளக்கிறது" என்றார். விஷயம் இதுதான். காற்று ஓடும்போது ஓர் எண், ஓடாமல் நிற்கும்போது ஓர் எண். ஓடும்போது வருவதில் ஒடுங்கிய பாதையோடு போடுகிற சண்டையும் சேர்ந்திருக்கும். ஒரு கணம் நிறுத்திப் பார்த்தால் நுரையீரல் சுமக்கிற பாரம் மட்டும் தெரியும். அது முப்பதைத் தாண்டவே கூடாதாம், தாண்டினால் உள்ளே காயப்பட்டுவிடும். உன் அம்மாவுக்கு நிறுத்திப் பார்த்த எண் ஒருநாளும் தாண்டவில்லை. ஓடுகிற எண்தான் எகிறியது. அப்படியானால் நுரையீரல் பழுதில்லை, பாதைதான் அடைப்பு என்று டாக்டர் அம்மா அதை வைத்தே கண்டுபிடித்து மருந்து கொடுத்தாராம். அளவையும் கேட்டுக்கொண்டேன். பொயிலரில் றாத்தல் கணக்கு, இங்கே தண்ணீர் உயரக் கணக்கு. ஒன்றரைச் சாண் தண்ணீரின் பாரத்துக்கு மேல் மனித நெஞ்சு தாங்காதாம். நான் கேட்ட கேள்விகளில் அசந்துபோய், ஐயா இன்ஜினியரா என்று டாக்டர் அம்மா கேட்டார். ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

உடனே உனக்கு எடுத்தேன். போன் மேடத்தின் கைக்குப் போய்விட்டது. அடுத்த வெள்ளிக்கிழமை வரைக்கும் நீ அம்மா இல்லாத பிள்ளையாக அந்த வீட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாய் என்பதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்குவதில்லை.

லயத்துக்கு எடுத்தால் அங்கே வேலையே முடிந்திருந்தது. சாவு விழுந்தால் மலைக்குப் போகக் கூடாது என்று ஆட்கள் கூடையோடு திரும்பிவிட்டார்கள். ஆலை வளைவிலிருந்து நம் வாசல் வரை வெள்ளைக் கொடி. தப்பு அடிக்கிறவர்கள் தப்பைக் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். மொனராகலையில் கரும்பு வேலைக்குப் போயிருந்த ரஜீவ் அம்மாவைப் பார்க்க வந்தவன், உடுப்பு எடுக்க லயத்துப் பக்கம் இறங்கி, கொடியைக் கண்டு ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டான். ஆள் சாகவில்லை என்று நான் போனில் கத்தக் கத்த, "அண்ணே, துக்கத்துல உங்களுக்குப் புத்தி தடுமாறுது, தைரியமா இருங்க" என்று கங்காணி எனக்கு ஆறுதல் சொல்கிறான்! கடைசியில் ஜெனீராவைப் பேசவைத்த பிறகுதான் கொடி இறங்கியது. வந்த தப்புக்காரர்கள் சும்மா போகமாட்டோம் என்று கோயில் வாசலில் ஒரு மணிநேரம் அடித்துக் கொளுத்தினார்கள். சிறுசுகள் ஆடினவாம். சாவுக்குக் கூடிய கூட்டம் ஆடிக் கலைந்தது நம் தோட்டத்தில்தான் இருக்கும்.

அந்த வாரமே குழாயை எடுத்தார்கள். மெஷின் தள்ளுவதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, அவளாக இழுக்கிறாளா என்று பார்த்து, இழுக்கிறாள் என்று தெரிந்ததும் எடுத்துவிட்டார்கள். இப்போது சாதாரண வார்டில் இருக்கிறாள். கஞ்சி குடிக்கிறாள். முகத்து வீக்கம் வற்றிவிட்டது, கண்ணுக்குக் கீழே மட்டும் கறுப்பு.

உயிரோடு இருப்பதற்கு அத்தாட்சி வேண்டுமா? கேள். கொடி கட்டின கதையை ரஜீவ் அவளிடம் உளறிவிட்டான். வெள்ளைத் துணிக்கு எங்கே போனீர்கள் என்று கேட்டாள். அவசரத்துக்குக் கிடைத்தது நீ அங்கிருந்து அனுப்பின வெள்ளைப் பெட்ஷீட்தான், அவள் ஒருநாள்கூட விரிக்காமல் பெட்டியில் வைத்திருந்தது. அதைத்தான் கிழித்திருக்கிறார்கள். "எம் மக அனுப்புனதை எனக்கே கொடியாக் கிழிச்சீங்களாடா, பாவிங்களா!" என்று அந்தக் கரகரத் தொண்டையோடு வார்டு முழுக்கக் கேட்கக் கத்தினாள். பக்கத்துக் கட்டில் அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். செத்தவள் பெட்ஷீட்டுக்குச் சண்டை போடுவாளா, நீயே சொல்.

இன்னும் ஒன்று. குழாயை எடுத்ததும் அவள் முதலில் பேசியது உன்னைப் பற்றித்தான். "தனு வர வேணாம், எனக்கு ஒண்ணுமில்ல, ஒத்துக்கிட்ட காலத்தை முடிச்சிட்டு நிம்மதியா வரச் சொல்லுங்கண்ணே" என்றாள். அவள் மனசு எவ்வளவு உறுதி பார். ஆகவே நீ பதறாதே. நேரத்துக்குச் சாப்பிடு. மேடத்திடம் முகம் சுளிக்காதே. முன்ஸிப் தம்பியிடம் ஒரு வரி எழுதிக் கொடு.

முருகன் துணையில் நீ நல்லா இருக்க வேண்டும். இப்படி எழுதி, கையெழுத்தும் போட்டு மடித்துவிட்டேன். மடித்ததைத் திரும்பப் பிரித்து இதை எழுதுகிறேன்.

குளவிக் கணக்கைக் கூட்டினேன், குறைத்தேன். இன்ஜினியர் கதையைப் பாதி நம்பினால் போதும். ஆனால் வர வேண்டாம் என்று உன் அம்மா சொன்னதாக எழுதினேனே, அது முழுக்க என் கற்பனை. நீ பாதியில் வந்து, வேலையும் போய், அதுவும் என் வாயால் வந்த வினை என்று ஆகிவிடுமோ என்ற பயத்தில் எழுதினேன். குழாயை எடுத்ததும் கண்ணைத் திறந்து, ரஜீவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், எங்கள் இரண்டு பேருக்கும் பின்னால் யாரையோ தேடினாள். சத்தம் வரவில்லை, உதடுதான் அசைந்தது. "தனு எங்க?" இவ்வளவுதான் கேட்டாள்.

"வந்துக்கிட்டு இருக்கா" என்று சொல்லிவிட்டேன், தாயி. அன்றிலிருந்து பார்வையாளர் நேரத்தில் கதவு திறக்கும்போதெல்லாம் தலையைத் தூக்கிப் பார்க்கிறாள். மேடத்தின் காலில் விழுந்தாவது கொஞ்ச நாள் லீவு கேட்டுப் பார். இந்த ஒரு விஷயத்திலாவது உன் மாமனைப் பொய்யன் ஆக்கிவிடாதே.

உன் வரவு பார்க்கும்,
தம்பையா மாமா