பாலைவனத்துக்குக் கொடுத்த மஞ்சள்

அக்கா,

இன்று காலை மெஸ்ஸில் புது மஞ்சள் தூள் மூட்டையைப் பிரித்தேன். நெடி மூக்கில் ஏறியதும் கை நின்றுவிட்டது. சாம்பார் கொதிக்கிறது, நான் கரண்டியோடு நிற்கிறேன். உங்களிடம் பேசினால்தான் அடுத்த வேலை ஓடும்.

சனிக்கிழமை மத்தியானம் நம் ஹாஸ்டல் எப்படி இருக்கும்! பேண்டு வாசிக்கிற பிள்ளைகள் மைதானத்தில். பறவை பார்க்கிற பிள்ளைகள் பீர்க்கன்கரணை ஏரிக்குப் போய்க் காக்காவையும் சேர்த்து எண்ணிக்கொண்டு வருவார்கள். ஒருமுறை ஒரு பையன் கரையில் மேய்ந்த கோழியைக்கூட எழுதிவிட்டான். கேட்டால், "அதுக்கும் றெக்கை கீதே மாஸ்டர்" என்றான். கதை எங்கேயோ போகிறது. நாடக மன்றத்துக்கு வருகிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த வருஷம் போட்ட நாடகத்தில் ஒரு பாலைவனம் வந்தது. மணலுக்கு என்ன செய்வது என்று பிள்ளைகள் உங்கள் சலவை அறை வாசலில் வந்து நின்றார்கள். மூலையில் ஒவ்வொரு பிள்ளையின் நம்பரையும் அழியாத மையில் நீங்களே எழுதிய வெள்ளை பெட்ஷீட்டுகளில் பன்னிரண்டை எடுத்து வைத்தீர்கள். மஞ்சளில் முக்கினால் மணல் மாதிரி இருக்கும் என்று சொன்னது நான். மெஸ் ஸ்டோரிலிருந்து யாரிடமும் கேட்காமல் எடுத்துக் கொடுத்ததும் நான்.

"சாம்பாருக்கே கிள்ளித்தான் போடுவ. துணிக்கு அள்ளிக் குடுக்கிறியே மாஸ்டர். கறை போவுமா?"

"மஞ்சள் வெயிலுக்கு நிக்காதுக்கா. ரெண்டு நாள் காயப்போடுங்க, வெள்ளையாயிடும்."

நான் சொன்னது பொய்யில்லை. வெயில்தான் வரவில்லை. நாடகம் முடிந்த அன்று பிடித்த மழை நாலு நாள் விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை பெற்றோர் வருகிற நாள். அன்று எல்லாக் கட்டிலும் வெள்ளையாக இருக்க வேண்டும் என்பது வழக்கம். மாற்று விரிப்பெல்லாம் ஈரம். பன்னிரண்டு கட்டில் மட்டும் மஞ்சளாகக் கிடந்தது. வண்டலூரிலிருந்து வந்த ஒரு தாய் வார்டனைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னா சார், பிள்ளைங்களுக்கு மஞ்சக்காமாலையா? எங்ககிட்ட மறைக்கிறீங்களா?"

அரை மணி நேரத்தில் நாலு வீட்டார் தங்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள்.

வார்டன் நம் எல்லோரையும் மெஸ்ஸில் நிறுத்திக் கேட்டார்: "ஸ்டோர்லேருந்து மஞ்சள் எடுத்துக் குடுத்தது யாரு?"

சாவி என் இடுப்பில் இருந்தது. நான் வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம்தான். வாய் திறக்கவில்லை.

"ஸ்டோர்லாம் இல்ல சார். நான்தான் வூட்லேந்து எடுத்தாந்தேன்" என்றீர்கள். என் பக்கம் திரும்பவே இல்லை.

நாளையிலிருந்து வரவேண்டாம் என்று வார்டன் உங்களிடம் சொல்லிவிட்டார். செவ்வாய்க்கிழமை வெயில் அடித்தது. பன்னிரண்டையும் நானே கொடியில் போட்டேன். புதன்கிழமை சாயங்காலம் எடுக்கும்போது அத்தனையும் வெள்ளை. மடித்துக்கொண்டு வார்டன் அறை வாசல் வரை போனேன். திரும்பிவிட்டேன்.

அப்புறம் பெருங்களத்தூர் பஸ் ஸ்டாப்பில் எத்தனை முறை பார்த்தோம். "பிள்ளைங்க இப்ப இன்னா நாடகம் போடுதுங்க?" என்று மட்டும் கேட்பீர்கள்.

போன மாதம், நீங்கள் கண்ணை மூடிய மூன்றாம் நாள், உங்கள் வீட்டுக்கு வந்தேன். மகள் டீ கொடுத்தாள்.

"மூட்டு வலின்னு சொல்லிதான் அம்மா ஹாஸ்டல் வேலைய வுட்டுச்சு. அதுக்கப்புறம் பத்து வருஷம் நாலு வூட்ல துணி தொவச்சுது. அந்த மூட்டு வலிய வச்சிகினு அது மட்டும் எப்படி முடிஞ்சுதுன்னு தெரியலண்ணா."

எல்லாவற்றையும் சொன்னேன். முழுக்கக் கேட்டாள். கோபப்படவில்லை.

"இத அம்மா இருக்கும்போது வந்து சொல்லியிருக்கலாமேண்ணா."

இப்போது மன்றத்துப் பிள்ளைகள் மெஸ்ஸில் எது கேட்டாலும் கொடுத்துவிட்டு, நேராக வார்டனிடம் போய் நான்தான் கொடுத்தேன் என்று சொல்லிவிடுகிறேன். நேற்று கிரீடம் செய்ய ஒரு எண்ணெய் டின். "இதுக்கெல்லாமா வந்து சொல்றீங்க மாஸ்டர்?" என்று புது வார்டன் சிரிக்கிறார். அன்று ஒரே ஒரு முறை சொல்லியிருக்க வேண்டியதை, யாருக்கும் தேவைப்படாத நாளில் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், அக்கா.