ஆறு பேர் எழும்பி நின்ற கணக்கு

நேற்றுச் சந்தையில் அரிசிக் கடைக்காரர் வெயிலுக்கு மறைப்பாகச் சாக்குகளைத் தைத்துத் தொங்கவிட்டிருந்தார். மழையில் நனைந்து காய்ந்த சாக்கின் மணம். அதைக் கடக்கும்போது உங்கள் நினைவு வந்தது, ரீச்சர்.

நாம் இருவரும் படிப்பித்த அந்தக் கரையோரப் பள்ளிக்கூடம் ஒரே நீள மண்டபம். வகுப்புக்கும் வகுப்புக்கும் இடையே கரும்பலகைதான் சுவர். அந்தப் பக்கம் உங்கள் நாலாம் வகுப்பு; இந்தப் பக்கம் என் ஐந்தாம் வகுப்பு. உங்கள் சரித்திரப் பாடத்தில் பிள்ளைகள் அரசனைக் கூண்டில் ஏற்றி வழக்காடினார்கள். பூமிசாத்திரத்துக்கு ஈர மண் அள்ளி வந்து கொட்டியாரக் குடாவைச் செய்து தண்ணீர் ஊற்றினார்கள். சுகாதாரப் பாடத்தில் தவமணி என்ற சிறுமி சோற்றுக் கவளமாகி, இரண்டு வரிசைப் பிள்ளைகளுக்கு நடுவே நசிந்து நசிந்து குடலைக் கடந்தாள். என் வகுப்பு கணக்கை விட்டுவிட்டு எட்டிப் பார்த்தது.

“ரீச்சர், உங்கடை பிள்ளையள் சோறாகினா என்ரை பிள்ளையள் கணக்குச் செய்ய ஏலாது” என்றேன்.

“ஓம் மாஸ்ரர், விளங்குது. ஒரு மறைப்புக் கட்டுவமோ?”

கோபமில்லாமல் சொன்னீர்கள். சாக்குகளை நீங்களே தைத்தீர்கள். நான் கூரை வளையில் கட்டினேன். அதன்பின் என் பிள்ளைகளுக்கு ஒன்றும் தெரியவில்லை, எல்லாம் கேட்டது. காதில் விழுந்ததை வைத்து அவர்கள் கற்பனை செய்தது இன்னும் மோசமாக இருந்தது.

பிறகு பள்ளிக்கூடத்தைப் பரிசோதிக்க வித்தியாதரிசி வந்தார். சாப்பாடு எப்படிச் சமிபாடடைகிறது என்று தவமணியைக் கேட்டார். அவள் உற்சாகமாக எழும்பி, பக்கத்துப் பிள்ளைகளை இழுத்து நிறுத்தத் தொடங்கினாள்.

“பிள்ளை, ஆட்டம் வேண்டாம். வாயாலை சொல்லும்.”

அவளால் ஒரு வசனம்கூடச் சொல்ல முடியவில்லை. அழுதாள். அடுத்த பிள்ளைக்கும் சொல்லத் தெரியவில்லை. அவர் எழுதிக்கொண்டு போனார். அந்த வருட முடிவில் திரியாய்ப் பக்கம் உங்களுக்கு மாற்றம் வந்தது.

நான் அவரைக் குறைசொல்லப் போனபோது நீங்கள் தடுத்தீர்கள். “அவர் கேட்டதிலை பிழையில்லை, மாஸ்ரர். நான் செய்யப் பழக்கினன். சொல்லப் பழக்கேல்லை.”

அடுத்த தை மாதம் உங்கள் பிள்ளைகள் என் வகுப்புக்கு வந்தார்கள். பின்னக் கணக்கு. மூன்றிலொன்றின் அரைவாசி எவ்வளவு என்று பலகையில் எழுதி, வழியையும் எழுதினேன். அவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தவமணி கையை உயர்த்தினாள்.

“சேர், இதை நாங்கள் செய்து பாக்கலாமோ?”

“கணக்கை என்னெண்டு செய்யிறது?”

“ஆறு பேர் எழும்பி நிண்டா ஒரு முழு, சேர்.”

நின்றார்கள். மூன்றிலொன்று என்றதும் நாலு பேர் உட்கார்ந்தார்கள். அதில் அரைவாசி என்றதும் இன்னொருவன் உட்கார்ந்தான். தவமணி மட்டும் நின்றாள். “நான் ஆறிலொண்டு!” என்று கத்தினாள். வகுப்பு சிரித்தது.

“சரி. இப்ப வாயாலை சொல்லும்” என்றேன். கொஞ்சம் தடுமாறினாள். ஆனால் கடைசிவரை சொன்னாள்.

சில வருடங்களின் பின் திருகோணமலை பஸ் நிலையத்தில் உங்களைக் கண்டபோது இதைச் சொன்னேன். நீங்கள் மகிழ்வீர்கள் என்று நினைத்திருந்தேன். நீங்கள் வெட்கப்பட்டீர்கள்.

“நான் கணக்கை மட்டும் ஒருநாளும் அப்பிடிப் படிப்பிக்கேல்லை. கவனிக்கேல்லையோ? எனக்குக் கணக்கெண்டா சின்ன வயசிலையிருந்தே பயம். புத்தகத்திலை கிடக்கிறதை அப்பிடியே எழுதிப்போட்டு விட்டிடுவன்.” பிறகு, “அந்த ஆறு பேரை எனக்கும் ஒருக்கா விளங்கப்படுத்துங்கோ” என்றீர்கள்.

நான் தொடங்கினேன். பாதியில் உங்கள் பஸ் வந்துவிட்டது. ஏறிவிட்டு யன்னலால், “மிச்சத்தைப் பிறகு சொல்லுங்கோ” என்றீர்கள். அதன்பின் நாம் சந்திக்கவில்லை. போன வருடம் நீங்கள் காலமான செய்தியை உங்கள் ஊர்க்காரர் ஒருவர் சொன்னார். அப்போது எல்லாம் முடிந்து ஒரு மாதம் ஆகியிருந்தது.

இந்தப் பள்ளித் தவணையும் பின்னம் படிப்பித்தேன். பிள்ளைகள் எழும்பி நின்று செய்து முடித்ததும் நான் பின்வரிசை வாங்கில் போய் இருந்துகொள்வேன். “இனிச் சொல்லுங்கோ. கணக்குக்குப் பயந்த ஒரு ஆளுக்குச் சொல்லுற மாதிரிச் சொல்லுங்கோ” என்பேன். அந்த ஆள் யாரென்று பிள்ளைகள் கேட்பதில்லை. மெதுவாக, பொறுமையாக, கடைசிவரை சொல்கிறார்கள்.