ஆறு நாள் என்னிடம் இருந்த கிண்ணம்

சங்கு மாதம், 10

காதலுக்கு அதிபதியான அய்லுனே தாயாரின் திருச்சமூகத்திற்குத் தலைமைப் பூசகி செவுரீனா வணங்கி எழுதுவது. நேற்றைய நாளை நேற்றே எழுதித் தங்கள் பாதத்தில் வைக்கத் தவறினேன். பத்தொன்பது ஆண்டுகளில் இதுவே முதல் தாமதம், பொறுத்தருள வேண்டும். காரணம் உண்டு. அதை எப்படி எழுதுவது என்று யோசிப்பதிலேயே ஒரு நாள் கழிந்தது.

நேற்றுக் காலை படகுத் தச்சர் தாவ்ரென் கிண்ணம் கொண்டுவந்தார். தம் கையாலேயே வனைந்த மண் கிண்ணம். மரத்தில் கைதேர்ந்தவருக்கு மண் வசப்படவில்லை. விளிம்பு ஒரு பக்கம் சரிந்திருந்தது. விதிப்படி தாம் விரும்பும் பெண்ணின் பெயரைச் சொல்லவில்லை, அடையாளம் மட்டும் சொன்னார்.

"யாரும் சொல்லிக் குடுக்காம தானாவே எழுத்து கத்துக்கிட்டவங்கம்மா. பேசினா ஏட்ட வாசிக்கிற மாதிரி இருக்கும். அவங்க இருக்கற எடத்துல விளக்கு அணையாது. கையில எப்பவும் எண்ணெ வாசம்." சற்றுத் தயங்கி, "கோவம் வந்தா இன்னும் மரியாதையா பேசுவாங்க" என்றார்.

அடையாளத்தைக் கேட்டு வாசலை அறிவதும், கிண்ணத்தை அங்கே கொண்டுபோய் வைப்பதும் பூசகியின் கடமை. இதுவரை நானூற்றுப் பதினொரு கிண்ணங்கள். ஒன்றுகூட வாசல் மாறியதில்லை. ஏழாம் நாள் அந்திக்குள் கிண்ணம் தேனோடு திரும்பினால் சம்மதம், உப்போடு திரும்பினால் மறுப்பு. திரும்பாமலே போனாலும் மறுப்புத்தான். அதன்பின் கேட்டவர் தம் வாழ்நாளில் அந்த வாசலை மீண்டும் கேட்கக்கூடாது.

இந்தக் கிண்ணத்தை நான் எங்கும் எடுத்துச் செல்லவில்லை. என் அறை அலமாரியில் வைத்தேன்.

உப்பளத்தில் பிறந்து, இக்கோயிலின் காணிக்கைக் கற்களை விரலால் தடவித் தடவி எழுத்துக் கற்றவள் இந்தத் தெவூன் துறைமுகத்தில் வேறு யார்? தங்கள் அணையா விளக்குக்கு எண்ணெய் வார்ப்பவள் யார்? பூசகிக்குக் கிண்ணம் வரக்கூடாது என்று எங்கும் சொல்லப்படவில்லை. மூன்று விதி ஏடுகளையும் இன்று புரட்டிப் பார்த்துவிட்டேன்.

11

கோயிலைப் பெருக்கிச் சமைத்துப் போடும் பொரோமிக்கு நாக்கில் கடிவாளம் கிடையாது.

"என்னம்மா, விடிஞ்சதுலேருந்து ரெண்டு தடவ தல சீவியாச்சு. தாயாருக்கா, உங்களுக்கா?"

"சந்நிதியில் நிற்பவள் ஒழுங்காக நிற்க வேண்டும்" என்றேன்.

"அப்ப பத்தொம்பது வருசமா ஒழுங்கில்லாமலா நின்னீங்க?" என்று கேட்டுவிட்டு மீன் கழுவப் போனாள்.

12

தேன் வாங்கினேன். சிறு குப்பி. இருமலுக்கு என்று பொரோமியிடம் சொன்னேன். இருமியும் காட்டினேன்.

13

கிண்ணத்தில் தேன் வார்க்க ஒரு நொடி போதும். ஏன் இன்னும் வார்க்கவில்லை? வார்த்துவிட்டால் இந்த நாள்கள் முடிந்துவிடும் என்ற அச்சமாக இருக்கலாம். ஐம்பத்திரண்டு வயதில் ஒரு சரிந்த மண் கிண்ணத்தை எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்பதைத் தங்களைத் தவிர யாரிடமும் சொல்ல இயலாது. மீதி மூன்று நாள் இருக்கின்றனவே— இருக்கட்டும்.

14

கோயில் கதவின் பலகை பெயர்ந்திருந்தது. தாவ்ரென் வந்து அடித்துக் கொடுத்தார். வேலை முடிந்தும் போகாமல் கடலையே பார்த்து நின்றார்.

"ரெண்டு நாளா அலை பெருசா இருக்கு. கல்திட்டுக்குப் படகு ஏதும் போச்சாம்மா?"

"கல்திட்டில் உமக்கு என்ன வேலை?"

அவர் காது சிவந்துவிட்டது. "வேலை ஒண்ணுமில்ல. கிண்ணத்தப் பத்திக் கேக்கக் கூடாதுன்னு விதி, தெரியும். நான் அலையப் பத்தித்தான் கேட்டேன்."

கல்திட்டில் இருப்பது ஒரே வீடு. அதில் ஒருத்திதான்: கலங்கரை விளக்கைக் காக்கும் இஸ்மேலி. உடைந்த கப்பல்களிலிருந்து ஒதுங்கும் பெட்டிகளைப் பார்த்தே எழுத்துக் கற்றவள். எண்ணெய் வாங்க வரும்போது கடைக்காரனிடம்கூடத் 'தயைகூர்ந்து' என்றுதான் தொடங்குவாள். அதைக் கேட்டு நானே சிரித்திருக்கிறேன்.

தாயே, நான் சிரித்திருக்கிறேன்.

கிண்ணம் இங்க இருக்கறது யாருக்குத் தெரியும்? யாருக்கும் தெரியாது. அவருக்குக் கேக்க உரிமை இல்ல. அவளுக்கு இப்படி ஒண்ணு வந்ததே தெரியாது. நாளைக்குச் சாயங்காலம் பொழுது சாய்ஞ்சா, அவ வேண்டாம்னுட்டான்னு அவரே நெனச்சுப்பாரு. என் நானூத்திப் பதினொண்ணு அப்படியே நிக்கும். அப்புறம் என்னிக்காவது அவரு இந்தப் பக்கம் திரும்பி— சீ.

இதை அடித்துவிடப் பார்த்தேன். அடிக்கவில்லை. இருக்கட்டும்.

15

காலையில் பொரோமியைத் துடுப்புப் போடச் சொன்னேன்.

"இந்த அலையிலயா? இருமல் முத்திப்போச்சா?"

"நான் கடமையில் பிழை செய்துவிட்டேன். அந்திக்குள் திருத்த வேண்டும்."

அவள் என் மடியில் இருந்த கிண்ணத்தைப் பார்த்தாள், குப்பியைப் பார்த்தாள். பிறகு வழி முழுதும் ஒரு சொல்லும் பேசவில்லை. அவள் ஏதாவது ஏளனமாகச் சொல்லியிருக்கலாம்.

இஸ்மேலி பாறைவரை இறங்கி வந்து வரவேற்றாள். "தலைமைப் பூசகியின் வருகை இத்திட்டுக்குப் பெருமை."

விதிப்படி வாசற்படியில் கிண்ணத்தை வைத்தேன். சரிந்த விளிம்பையும் அதில் பதிந்த உளித் தடத்தையும் கண்டதும் அது யார் கை என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. ஏட்டுப் பேச்செல்லாம் எங்கோ போயிற்று.

"எத்தனாவது நாளும்மா இது?"

"ஏழாவது நாள்."

"இன்னிக்கேவா? ஐயோ, தேனுக்கு நான் எங்கம்மா போவேன்? இந்தப் பாறையில உப்புதானே இருக்கு." அலை அடித்த இடமெல்லாம் வெள்ளையாகப் பூத்துக் கிடந்தது.

மடியிலிருந்து குப்பியை எடுத்து நீட்டினேன்.

"நீங்களே கொண்டு வந்தீங்களா? நான் சம்மதிப்பேன்னு எப்படித் தெரியும்?"

"தெரியாது. இது உங்களுக்கென்று வாங்கியதல்ல" என்றேன். பிறகு அடையாளங்களைச் சொன்னேன், அலமாரியைச் சொன்னேன், ஆறு நாளையும் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. குப்பியைக் கவிழ்த்துக் கடைசிச் சொட்டுவரை கிண்ணத்தில் விட்டாள். ஒரு சொட்டை விரலில் தொட்டு என்னிடம் நீட்டினாள். வாங்கிக்கொண்டேன்.

அந்திக்கு முன்பே தாவ்ரென் வீட்டு வாசலில் கிண்ணத்தை வைத்துவிட்டேன்.

17

பிழை செய்த பூசகி காணிக்கை நாளில் படியில் நின்று ஊரார் முன் சொல்ல வேண்டும். பூசகிக்குரிய முக்காட்டை எடு என்று ஒரே ஒருவர் சொன்னாலும் எடுத்து வைத்துவிட்டுப் பதவியை விட்டு விலக வேண்டும். ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன்.

முன்வரிசையிலிருந்து ஒரு மீன்காரி கேட்டாள்: "தேன் வாங்கினேன்னீங்களே, எவ்ளோ பெரிய குப்பி?"

"சிறியது."

"சின்னதுதானே? அப்பச் சரி."

கூட்டம் சிரித்தது. முக்காட்டை எடுக்கும்படி ஒருவரும் சொல்லவில்லை.

கூட்டம் கலைந்தபின் தாவ்ரென் வந்தார். "அம்மா... எனக்குத் தெரியாதும்மா."

"தாங்கள் தெரிந்திருக்க வேண்டிய அவசியம் சிறிதும் இல்லை. தங்கள் இல்லறம் சிறப்புற வாழ்த்துகிறேன்" என்றேன்.

அவர் என்னை ஒரு கணம் பார்த்துவிட்டுத் தலை குனிந்துகொண்டார். இத்தனை மரியாதையின் பொருள் அறிந்த மனிதர்.

21

இன்று மட்டும் ஒன்பது கிண்ணங்கள் வந்தன. "இத்தன நாளா உங்களப் பாத்தாலே பயந்து ஓடினவங்க எல்லாம் வந்திருக்காங்க" என்கிறாள் பொரோமி. கடமைப் புத்தகத்தில் திருத்தி எழுதிவிட்டேன்: நானூற்றுப் பன்னிரண்டு, பிழை ஒன்று.

தங்கள் பாதத்தில் இருக்கும் பத்தாவது கிண்ணம் என்னுடையது. நானே வனைந்தேன், தாவ்ரெனுடையதைவிட மோசமாகச் சரிந்திருக்கிறது. விதிப்படி பெயர் சொல்லவில்லை. சொல்ல ஒரு பெயரும் என்னிடம் இல்லை. அடையாளம் மட்டும் சொல்கிறேன்: நான் பேசி முடிக்கும்வரை கேட்பவர், நான் பொய்யாக இருமினால் கண்டுபிடிப்பவர்.

வாசலை அறிவது இம்முறை தங்கள் கடமை. பத்தொன்பது ஆண்டுகளாக எழுதுகிறேன்; ஒருமுறையும் பதில் கேட்டதில்லை. இதற்கு மட்டும் விரைவில் பதில் தரவும்.